ஓடுவது கார்... ஓட்டுவது யார்?

ஃபார்முலா ஒன் கார்களின் உடம்பில் யார் யாருடைய பணம் ஒட்டியிருக்கிறது? அது உரிந்து விழும் நாளில் நடுத்தெருவுக்கு வருவது யார்?

2022 பிப்ரவரி 25, வெள்ளிக்கிழமை காலை. ஸ்பெயினின் பார்சிலோனா பந்தயத் தளத்தில், சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்டத்தின் மூன்றாம் நாள். ஹாஸ் அணியின் காரேஜிலிருந்து வெளியே வந்த கார் வெள்ளைவெளேரென்று இருந்தது. முந்தைய நாள் வரை அதன் மேல் வெள்ளை, நீலம், சிவப்பு என்று ரஷ்யக் கொடியின் மூன்று நிறங்களும் ஓடின. கூடவே 'உரால்காலி' என்று ஒரு பொட்டாஷ் உரக் கம்பெனியின் பெயர். வியாழக்கிழமை விடியற்காலை ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. வெள்ளிக்கிழமை அந்தப் பெயரும் இல்லை, நிறமும் இல்லை. அணியின் லாரிகளில் இருந்த எழுத்தைக்கூட உரித்துவிட்டார்கள்.

பெயரை உரிக்க ஒரு ராத்திரி போதும். கணக்கை முடிக்க இரண்டரை வருஷம் ஆனது.

அணியின் இரண்டு ஓட்டுநர்களில் ஒருவர் நிகிதா மாசெபின். உரால்காலிக்குப் பின்னால் இருந்தவர் அவருடைய அப்பா டிமித்ரி. மார்ச் 5-ம் தேதி மகனின் வேலையும் அப்பாவின் பெயரும் சேர்ந்தே போயின. கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடு என்று கம்பெனி கேட்க, விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போனது. ஒப்பந்தத்தை முறித்தது சரிதான், ஆனால் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2024 ஆகஸ்ட்டில், நெதர்லாந்தின் சாண்ட்ஃபோர்ட் பந்தயம் நடந்த வாரம், அமீனாக்கள் மைதானத்துக்கே வந்துவிட்டார்கள். பணம் வராமல் அணியின் சாமான்கள் நாட்டை விட்டு நகரக் கூடாது! ஹாஸ் பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த பந்தயத்துக்கு இத்தாலி கிளம்பியது.

நமக்கும் இது புதிதல்ல. 2025 ஆகஸ்ட்டில் ஆன்லைன் பண விளையாட்டுக்குத் தடை போடும் சட்டம் வந்ததும், இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து 'டிரீம் லெவன்' இறங்கியது. ஆசியக் கோப்பையில் நம் ஆட்கள் ஸ்பான்சர் பெயரே இல்லாத சட்டையோடு ஆடினார்கள். அஜித்தின் பந்தயக் கார், பிராட் பிட்டின் 'எஃப் 1' படம் என்று கார் ரேஸ் பேச்சு டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் படத்தில் வரும் கற்பனை அணிக்குக்கூட 'எக்ஸ்பென்சிஃபை' என்ற நிஜக் கம்பெனி காசு கொடுத்துத் தன் பெயரைக் காரில் எழுதிக்கொண்டது. ஆக, காரை ஓட்டுவது யார் என்று எல்லோரும் பார்த்தாகிவிட்டது. காரை ஓடவிடுவது யார் என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

நாட்டின் நிறத்திலிருந்து சிகரெட் பெட்டிக்கு

1968 வரை ஃபார்முலா ஒன் கார்களுக்கு நாட்டு நிறம்தான். பிரிட்டன் பச்சை, இத்தாலி சிவப்பு, பிரான்ஸ் நீலம், ஜெர்மனி வெள்ளி. டயர் கம்பெனியும் எண்ணெய் கம்பெனியும் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவே. 1967 முடிவில் ஃபயர்ஸ்டோனும் எஸ்ஸோவும் கையை விரித்தபோது லோட்டஸ் அணியின் முதலாளி காலின் சாப்மன் வேறு கதவைத் தட்டினார். 1968-ல் விளம்பரத்துக்கு அனுமதி கிடைத்ததும் அவருடைய பச்சைக் கார் சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்துக்கு மாறியது. 'கோல்ட் லீஃப்' சிகரெட் பெட்டியின் அதே நிறங்கள். அணியின் பெயரும் 'கோல்ட் லீஃப் டீம் லோட்டஸ்'. அந்த வருஷம் மே மாதம் ஸ்பெயினின் ஹராமாவில் கிரஹாம் ஹில் அந்தக் காரில் ஜெயித்தார். வருஷக் கடைசியில் உலக சாம்பியனும் அவர்தான்.

சிகரெட் கம்பெனிக்கு ஏன் இந்த ஆசை? பிரிட்டனில் 1965-லேயே டி.வி.யில் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை. அமெரிக்காவில் 1971 ஜனவரியில் அதே தடை வந்தது. அதே 1971-ல்தான் அங்கே நாஸ்கார் பந்தயத் தொடருக்கு 'வின்ஸ்டன் கப்' என்று பெயர் வந்தது. ஜூனியர் ஜான்சன் என்ற பந்தயக்காரர் தன் ஒரு காருக்குப் பணம் கேட்டுப் போனார். டி.வி.க்குக் கொடுக்க வேண்டிய காசைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் கம்பெனி, காரை விட்டுவிட்டுத் தொடரையே எடுத்துக்கொண்டது. 2003 வரை அந்தப் பெயர் நீடித்தது. பிறகு நெக்ஸ்டெல், ஸ்பிரிண்ட், மான்ஸ்டர் எனர்ஜி என்று மாறி, 2020 முதல் அந்தத் தொடருக்கு டைட்டில் ஸ்பான்சரே இல்லை.

என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் மொத்த வியாபாரமும் இதில் அடங்கிவிடுகிறது. நேர் வழியில் விளம்பரம் செய்ய முடியாத பணம், அல்லது அவசரமாக மரியாதை தேடும் பணம், பந்தயத் தளத்துக்கு முதலில் வந்து சேர்கிறது. சிகரெட் வந்தது. பிறகு போதை தராத ஆனால் சர்ச்சை தரும் எனர்ஜி பானம், கிரிப்டோ, சூதாட்டத் தளம், எண்ணெய் வள நாடுகள். வங்கி, கம்ப்யூட்டர், துணிக்கடை எல்லாம் உண்டு. ஆனால் எந்தத் தொழில் அன்றைக்கு நல்ல பெயருக்கு ஏங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் காரின் விலாவைப் பார்த்தால் போதும்.

■ பெட்டிச் செய்தி: எந்த இடம் யாருக்கு?

ஸ்பான்சர்கள் பலர் இருப்பார்கள். டைட்டில் ஸ்பான்சர் ஒருவர்தான். அணியின் அதிகாரபூர்வப் பெயரிலேயே அவர் பெயர் சேரும். போட்டிப் பட்டியலிலும் முடிவு அட்டவணையிலும் அது வரும். காரில் பக்கவாட்டுப் பகுதியும், என்ஜின் மூடியும், பின் இறக்கையும் அவருக்கு. கேமரா அதிகம் பார்ப்பது அங்கேதான். ஓட்டுநரின் தலைக்கு மேலே கேமராவுக்கு நேராக வரும் விளிம்புகள், ஹெல்மெட், தொப்பி எல்லாம் தனித்தனி வியாபாரம். 1976 விபத்தில் முகமும் தலையும் வெந்துபோன நிக்கி லவுடா, தழும்பை மறைக்கப் போட்ட சிவப்புத் தொப்பியையே விளம்பர இடமாக விற்றார். 'பார்மலாட்' பால் கம்பெனியில் ஆரம்பித்து, பெயர்கள் மாறினாலும், 2019-ல் இறக்கும் வரை அந்தத் தொப்பி அவரை விட்டுப் போகவில்லை. பார்மலாட் 2003-ல் மாபெரும் கணக்கு மோசடியில் திவாலானது தனிக்கதை.

பெயர் இல்லாமலே விளம்பரம்

சிகரெட்டுக்கு நாட்டுக்கு நாடு தடை வந்தபோது அணிகள் காட்டிய சாமர்த்தியத்தை எழுதினால் ஒரு நகைச்சுவைப் பக்கம் ஓட்டலாம். ஜோர்டான் அணியின் மஞ்சள் காரில் 'பென்சன் அண்ட் ஹெட்ஜஸ்' எழுத முடியாத ஊர்களில், அதே எழுத்துகள் சிலவற்றை வைத்துப் 'பஸ்ஸிங் ஹார்னெட்ஸ்' ஆக்கினார்கள், ரீங்காரமிடும் குளவிகள். மெக்லாரன் காரில் 'வெஸ்ட்' சிகரெட் இருந்த இடத்தில் ஓட்டுநர்களின் பெயர் ஏறியது. 1999-ல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ சொந்தமாகவே ஓர் அணி தொடங்கி, ஒரு காரை 'லக்கி ஸ்டிரைக்' நிறத்திலும் இன்னொன்றை '555' நிறத்திலும் ஓட்ட ஆசைப்பட்டது. ஓர் அணிக்கு ஒரே வேஷம்தான் என்று விதி குறுக்கே நின்றது. விட்டார்களா? ஒவ்வொரு காரையும் நடுவே இரண்டாகப் பிளந்து, இடப்புறம் ஒரு பிராண்டு, வலப்புறம் இன்னொரு பிராண்டு, நடுவில் ஜிப் படம் என்று கொண்டுவந்தார்கள்.

ஃபெராரி எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது. 1997 முதல் 'மார்ல்போரோ' அதன் டைட்டில் ஸ்பான்சர். எழுத்தை எடுக்க வேண்டிவந்தபோது அந்த இடத்தில் சிவப்பு, வெள்ளை, கறுப்பில் ஒரு பார்கோடு வந்தது. வேகமாகப் போகும்போது சிகரெட் பெட்டி மாதிரியே தெரிகிறது என்று மருத்துவர்கள் சண்டைக்கு வர, 2010 மே மாதம் அதுவும் போனது. கம்பெனி மட்டும் போகவில்லை. காரில் எங்கேயும் பெயர் இல்லாமல் வருஷா வருஷம் பணம் கொடுத்தது. 2018-ல் ஜப்பான் பந்தயத்தில் 'மிஷன் வின்னோ' என்று யாருக்கும் புரியாத ஒரு பெயர் ஃபெராரியில் முளைத்தது. பின்னால் இருந்தது மார்ல்போரோவின் அதே முதலாளி, ஃபிலிப் மோரிஸ். ஆஸ்திரேலியாவில் விசாரணை என்றதும் 2019 மெல்போர்னில் அதையும் உரித்தார்கள்.

அரசியலும் தப்பவில்லை. 1997-ல் பிரிட்டனில் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி புகையிலை விளம்பரத்தைத் தடை செய்யக் கிளம்பி, ஃபார்முலா ஒன்னுக்கு மட்டும் விலக்கு தரப் பார்த்தது. அந்த விளையாட்டின் பெரிய தலை பெர்னி எக்கிள்ஸ்டன் கட்சிக்கு 10 லட்சம் பவுண்டு நன்கொடை கொடுத்திருந்தது வெளியே வந்தது. பிரதமர் டோனி பிளேருக்கு முதல் பெரிய தலைவலி அதுதான். பணம் திரும்பிப் போனது. ஐரோப்பாவில் தடை முழுசாக வர 2005 ஜூலை 31 ஆனது.

■ பெட்டிச் செய்தி: சிகரெட் சரி, ஆணுறை தப்பு!

1976-ல் சர்டீஸ் அணியின் காரில் 'டூரெக்ஸ்' ஆணுறையின் பெயர் வந்தது. குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சியில் இதுவா என்று பி.பி.சி. அந்தக் கார் ஓடும் பந்தயத்தை ஒளிபரப்ப மறுத்தது. அதே காலத்தில் லோட்டஸ் அணி 'ஜான் பிளேயர் ஸ்பெஷல்' சிகரெட் பெட்டியின் கறுப்பும் தங்கமுமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குடும்பத்தோடு பார்க்கலாம் போல.

மாஸ்டர்கார்டு அவசரம்

ஸ்பான்சர் பணம் இல்லாததால் செத்த அணிகள் நிறைய. ஸ்பான்சர் பணத்தாலேயே செத்த அணியும் உண்டு. இந்தத் தொழிலில் நான் பார்த்த பாடங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

'லோலா' பிரிட்டனின் மதிப்பான பந்தயக் கார் கம்பெனி. எரிக் பிராட்லி என்ற என்ஜினீயர் கட்டியது. மற்றவர்களுக்கு கார் செய்து கொடுத்தே பெயர் வாங்கியவர், சொந்த ஃபார்முலா ஒன் அணிக்கு ஆசைப்பட்டார். 1998-ல் இறங்குவதாகத் திட்டம். டைட்டில் ஸ்பான்சராக வந்த மாஸ்டர்கார்டு, 1997-லேயே கார் ஓட வேண்டும் என்றது. ரசிகர்கள் கார்டு வாங்கி, அந்தச் சந்தாவிலிருந்து அணிக்குப் பணம் வரும் என்பது ஏற்பாடு. விளம்பர இலாகாவின் காலண்டரும் என்ஜினீயரின் காலண்டரும் ஒன்றல்ல என்று சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை போலும்.

1997 மார்ச், மெல்போர்ன். காற்றுச் சுரங்கச் சோதனை பார்க்காத கார்கள் தகுதிச் சுற்றுக்கு வந்தன. ஜாக் வில்நேவ் ஒரு சுற்றை 1 நிமிடம் 29 விநாடியில் முடித்தார். லோலாவின் இரண்டு கார்களும் அவரைவிட 11 விநாடி, 12 விநாடி பின்தங்கின. விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு அடித்துக்கொள்ளும் ஊரில் இது அவமானம். முதல் காரைவிட 7 சதவிகிதத்துக்கு மேல் மெதுவாக ஓடினால் பந்தயத்தில் இடமில்லை என்பது விதி. இரண்டு கார்களும் வெளியே. அடுத்த பந்தயம் பிரேசில். கார்கள் அங்கே போய்ச் சேர்ந்தும்விட்டன. அதற்குள் ஸ்பான்சர் கழன்றுகொள்ள, அணி கலைந்தது. சில வாரங்களில் தாய்க் கம்பெனியே கடன்காரர்கள் கைக்குப் போனது. அந்தக் கார் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 2013-ல் வோடஃபோன் போன பிறகு மெக்லாரன் அணிக்குப் பல வருஷம் டைட்டில் ஸ்பான்சர் இல்லை. அப்படியே ஓடி 2024-ல் அணிகளுக்கான பட்டத்தை வென்றது, 2025-லும் வென்றது. 2026 முதல் அதன் பெயர் 'மெக்லாரன் மாஸ்டர்கார்டு ஃபார்முலா ஒன் டீம்'. இந்த முறை கம்பெனி, கார் ஜெயித்த பிறகு வந்திருக்கிறது.

பேரம் முறிந்தால் பெட்டி கட்டுவது யார்?

ஹாஸ் அணிக்கு ரஷ்ய உரத்துக்கு முன்னாலேயே ஓர் அனுபவம் இருந்தது. 2019-ல் 'ரிச் எனர்ஜி' என்ற பானம் டைட்டில் ஸ்பான்சர். கறுப்பும் தங்கமுமாகக் கார் ஜோராகத்தான் இருந்தது. அந்தப் பானத்தைக் கடையில் தேடி நிருபர்கள் அலைந்ததுதான் மிச்சம். மான் கொம்பு லோகோவைத் தங்களிடமிருந்து எடுத்தார்கள் என்று ஒரு சைக்கிள் கம்பெனி வழக்குப் போட்டு ஜெயிக்க, லோகோ காரிலிருந்து இறங்கியது. ஜூலையில் ஒரு நாள், அணி மோசமாக ஓடுகிறது, ஒப்பந்தத்தை முறிக்கிறோம் என்று அந்தக் கம்பெனியின் ட்விட்டர் பக்கம் அறிவித்தது. அணிக்கே அது செய்தி! செப்டம்பரில் எல்லாம் முடிந்தது.

சிரிக்க முடியாத கதைகளும் உண்டு. 1977-ல் ஃபிராங்க் வில்லியம்ஸ் தொடங்கிய வில்லியம்ஸ் அணி, குடும்பம் நடத்திய கடைசிப் பெரிய அணிகளில் ஒன்று. 2020 மே மாதம், கொரோனாவில் பந்தயமே நின்றுகிடந்த நேரம், டைட்டில் ஸ்பான்சர் 'ரோக்கிட்'டோடு ஒப்பந்தம் முறிந்தது. அணியை விற்பது பற்றி யோசிக்கிறோம் என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. ஆகஸ்ட்டில் ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது. செப்டம்பரில் மான்ஸா பந்தயத்தோடு குடும்பம் விடைபெற்றது.

நம் நாட்டுப் பணத்தின் கதையும் இந்த வரிசையில்தான் வருகிறது. விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியாவில் 2011-ல் சஹாரா குழுமம் 10 கோடி டாலருக்கு 42.5 சதவிகிதம் வாங்கி, அணி 'சஹாரா ஃபோர்ஸ் இந்தியா' ஆனது. கிரேட்டர் நொய்டாவில் ஏர்டெல் பெயரில் இந்தியன் கிராண்ட் பிரீ நடந்த காலம். 2012 அக்டோபர் 20-ம் தேதி, பல மாதச் சம்பள பாக்கியோடு முடங்கிக் கிடந்த மல்லையாவின் கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. எட்டே நாளில், அவருடைய கார்கள் நொய்டாவில் ஜோராக ஓடின. 2014-ல் சஹாரா தலைவர் சுப்ரதா ராய் திகார் சிறைக்குப் போனார். 2016 மார்ச்சில் மல்லையா லண்டன் போனார். கார் மேல் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. 2018 ஜூலையில் ஹங்கேரி பந்தயத்தின்போது அணி, நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகள் கைக்குப் போனது. அதற்கு மனுப் போட்டவர்களில் அணியின் ஓட்டுநர் செர்ஜியோ பெரெஸும் ஒருவர்! போடாவிட்டால் அணியையே இழுத்து மூடிவிடுவார்கள், 400-க்கும் மேற்பட்டவர்களின் வேலை போய்விடும் என்பது அவர் கணக்கு. வேலைகள் தப்பின. 'இந்தியா' என்ற சொல் போனது. அதே அணி இன்று ஆஸ்டன் மார்ட்டின்.

தெரிந்தே வாங்கும் தலைவலி

2021 டிசம்பரில் மெர்சிடிஸ் அணி 'கிங்ஸ்பன்' என்ற கட்டுமானப் பொருள் கம்பெனியின் பெயரை ஒட்டிக்கொண்டது. லண்டனில் 2017-ல் 72 பேரைக் கொன்ற கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்தில், அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவர் உறையில் இருந்த பொருள்களில் அந்தக் கம்பெனியுடையதும் கொஞ்சம் உண்டு. உயிர் பிழைத்தவர்களும் உறவினர்களும் கொதித்தார்கள். அணித் தலைவர் டோட்டோ வுல்ஃப் மன்னிப்புக் கேட்டார். ஒரே வாரத்தில் ஒப்பந்தம் ரத்து. அடுத்த வருஷம் நவம்பரில் தன் கிரிப்டோ ஸ்பான்சரான எஃப்.டி.எக்ஸ். திவாலான வெள்ளிக்கிழமை, அதே மெர்சிடிஸ் பிரேசிலில் ஸ்டிக்கர்களைச் சுரண்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் ரஸ்ஸல் தன் முதல் வெற்றியைப் பெற்றார். அந்தப் படங்களில் எஃப்.டி.எக்ஸ். இல்லை.

2022 மார்ச் 25-ல் சவுதியின் ஜெட்டாவில் நடந்தது வேறு ரகம். முதல் பயிற்சி ஓட்டம் நடக்கும்போதே அடிவானத்தில் கரும்புகை எழுந்தது. கருகல் வாடை தன் காரிலிருந்தா என்று ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் ரேடியோவில் கேட்டார். ஏமனின் ஹூத்திகள் ஏவிய ஏவுகணை, ஃபார்முலா ஒன்னின் உலகளாவிய ஸ்பான்சரான ஆராம்கோவின் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கியிருந்தது. ஓட்டுநர்கள் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வரை கூடிப் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடந்தது. காசு கொடுத்தவர் ஊரில், காசு கொடுத்தவர் கிடங்கு எரிகிறது. 'வர மாட்டோம்' என்று சொல்லும் நிலையில் யார் இருந்தார்கள்?

இதற்கெல்லாம் நடுவே என்ஜினீயர்கள் இன்னொரு யுத்தம் நடத்துகிறார்கள். காரின் எடை 10 கிலோ கூடினால் சுற்றுக்குச் சுமார் 0.3 விநாடி நஷ்டம். பெயின்ட்டுக்கும் எடை உண்டு. 2022-ல் எடை குறைக்கப் பல அணிகள் பெயின்ட்டைச் சுரண்டி, கறுப்புக் கார்பன் தெரிய விட்டன. 2023 மெர்சிடிஸ் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நிறத்துக்குப் பணம் கொடுத்தவருக்கு நிறம் வேண்டும், ஜெயிப்பதற்குக் கார்பன் வேண்டும். கடைசியில் கிராம் கணக்கில் பேரம் பேசித்தான் முடிக்கிறார்கள்.

பணம் எங்கே போகிறது என்பதும் மாறிவிட்டது. 2021 முதல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு. முதல் வருஷம் 14.5 கோடி டாலர். ஓட்டுநர் சம்பளமும் மார்க்கெட்டிங் செலவும் அதில் சேராது. முன்பெல்லாம் ஸ்பான்சர் கொடுத்த கூடுதல் காசு கூடுதல் வேகமானது. வரம்புக்கு மேல் வருவது இப்போது லாபம். அதனால்தான் அணிகளின் விலை ஏறுகிறது, கடனில் தத்தளித்த இடத்தில் முதலீட்டாளர்கள் வரிசை கட்டுகிறார்கள். பெயருக்கு என்ன ஆனாலும் கவலையில்லை. இத்தாலியின் ஃபாயென்சாவில் 'மினார்டி' என்று அன்போடு அழைக்கப்பட்ட குட்டி அணி, டோரோ ரோஸோ, ஆல்ஃபா டௌரி என்றெல்லாம் மாறி 2024-ல் 'வீசா கேஷ் ஆப் ஆர்.பி.' ஆனது. ஒரு ரசிகன் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவதை நினைத்துப் பாருங்கள்.

நம்மூரில் யார் பெயர்?

கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணியில் ஏறி இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரானபோது, திறமையோடு டாடாவின் ஆதரவும் அவருடன் போனது. கீழ்மட்ட அணிகளில் இருக்கைக்கு விலை உண்டு. ஸ்பான்சரைக் கூட்டிவரும் ஓட்டுநருக்கு முதல் மரியாதை. இங்கே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலும் ஓட்டிப் பழகும் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு ஒவ்வொரு சீசனும் புதிதாகத் திறக்க வேண்டும். இத்தனை வருஷமும் இங்கே நிலையாகக் கைகொடுத்தவை எம்.ஆர்.எஃப்., ஜே.கே. போன்ற டயர் கம்பெனிகள். அவர்கள் விற்கும் பொருள் தளத்தில் நிஜமாகவே ஓடுகிறது. டிரீம் லெவன் போன இடத்தில் கிரிக்கெட் சட்டைக்கு வந்ததும் அப்போலோ டயர்ஸ்தான்.

இப்போது இங்கே புதிதாக ஒரு பெயர் ஏறியிருக்கிறது: அரசு. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டரில் நடந்த இரவுத் தெருப் பந்தயத்தைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் சேர்ந்து நடத்தியது. அந்த ஆணையத்தின் சின்னம் அஜித்தின் காரிலும் ஹெல்மெட்டிலும் ஏறியது; 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி 992 பிரிவில் மூன்றாவதாக வந்தது. ஊருக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் தனியார் ஸ்பான்சர் கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று மறுநாளே கணக்குக் கேட்பார்: எத்தனை நிமிடம் டி.வி.யில் வந்தது, எத்தனை பேர் பார்த்தார்கள், என்ன விற்றது. சென்னைத் தெருப் பந்தயத்துக்குப் பொதுப் பணம் செலவிடலாமா என்று உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. அரசு ஸ்பான்சர் இடத்தில் நிற்கிறது என்றால், தனியார் கேட்கும் அதே கணக்கை வரி கட்டுகிறவர்களிடம் அரசும் காட்டலாம். தீவுத்திடல் ராத்திரிகளுக்கு ஆன செலவில் இருங்காட்டுக்கோட்டையில் எத்தனை பேருக்கு ஒரு சீசன் முழுக்க டயர் வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்பதும் அந்தக் கணக்கில் ஒரு வரியாக இருக்கட்டும்.